மத்தியானச் சாப்பாட்டுக்கு நாலு பேர்

ஐம்பத்து இரண்டாவது வயதில், என் வீட்டு மொட்டை மாடியில், தண்ணீர்த் தொட்டியின் மறைவில் உட்கார்ந்துகொண்டு, இளஞ்சிவப்புக் கூந்தலும் முழங்கால் வரை பூட்ஸும் போட்ட ஒரு பெண்ணாக நான் விமானத்திலிருந்து குதித்திருக்கிறேன். ஒருமுறை அல்ல, பலமுறை. குதித்த ஒவ்வொரு முறையும் சுட்டுக் கொல்லப்பட்டிருக்கிறேன். பெண்ணாகத்தான் குதிக்க வேண்டும் என்று எனக்கு வேண்டுதல் ஒன்றும் கிடையாது. அந்த விளையாட்டை போனில் ஏற்றும்போது அது கேட்ட எல்லாக் கேள்விகளுக்கும், ஆபீசில் கோப்புகளுக்குச் செய்வது போலவே, படிக்காமல் ‘சரி’ என்று அழுத்திக்கொண்டே போனேன். முடிவில் இந்தப் பெண் வந்து நின்றாள். மாற்றத் தெரியவில்லை.

காரணம் பொறாமை. வேறு கௌரவமான சொல் ஏதும் கிடைக்குமா என்று தேடிப் பார்த்தேன். இல்லை.

நான் பகலில் பெரம்பலூரில் ஓர் அரசு அலுவலகக் கண்காணிப்பாளர். மற்ற நேரங்களில் பட்டிமன்றப் பேச்சாளர். பெரம்பலூர், அரியலூர் இரண்டு மாவட்டத்திலும் கோயில் திருவிழா, பள்ளி ஆண்டு விழா, வணிகர் சங்கத்துப் பொங்கல் என்று எங்கே மைக் கட்டினாலும் என்னைக் கூப்பிடுவார்கள். அழைப்பிதழில் என் பெயருக்கு முன்னால் ‘சிரிப்புச் சூறாவளி’ என்று போடுவார்கள். சேத விவரத்தை யாரும் கணக்கெடுத்ததில்லை. செல்போன் வரமா சாபமா என்ற தலைப்பில் இரண்டு பக்கமும் பேசியிருக்கிறேன். கோயிலுக்குத் தகுந்த மாதிரி.

இப்படிப்பட்ட எனக்கு, வீட்டில் ஒரே ஒரு ரசிகை இருந்தாள். என் மகள். மூன்று வயதில் நான் தும்மினாலே சிரிப்பாள். பள்ளி நாள்களில் என்னுடைய ஒவ்வொரு புதுச் சரக்கும் முதலில் அவளிடம்தான் அரங்கேறும். அவள் சிரித்தால் செட்டிகுளம் சிரிக்கும், ஜெயங்கொண்டம் சிரிக்கும். உள்ளூர்க் கல்லூரியில் சேர்ந்த பிறகு அது எப்போது நின்றது என்று எனக்குச் சரியாகத் தெரியவில்லை. இரவுச் சாப்பாட்டின்போது நான் புதிதாக ஏதாவது சொல்வேன். தட்டிலிருந்து தலையெடுக்காமல் “ம்” என்பாள். இரண்டாம் ஆண்டு வந்ததும் அந்த “ம்” கூடச் சுருங்கிப் புருவத்துக்குப் போய்விட்டது.

சரி, வயசு, என்று விட்டிருப்பேன். ஆனால் தினமும் சாயங்காலம் அறைக் கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே போனதும், அங்கிருந்து சிரிப்பு கேட்கும். எனக்குத் தெரிந்த அதே சிரிப்பு. முதலில் விக்கல் மாதிரி ஒன்று வரும். பிறகு சத்தமே இருக்காது. பிறகு மடை உடைத்துக்கொண்டு வரும். அந்தச் சிரிப்பைக் கண்டுபிடித்து வளர்த்தவன் நான் என்ற நினைப்பில் இருந்தேன். இப்போது அதை வேறு எவனோ அறுவடை செய்துகொண்டிருந்தான்.

“டேய், சும்மா இருடா, வயிறு வலிக்குது” என்று ஒருநாள் உள்ளே கேட்டது.

கதவுக்குப் பின்னாலிருந்து மகள் ‘டா’ போடுகிறாள் என்றால், எங்கள் பக்கத்து அப்பன் எவனுக்கும் முதலில் தோன்றுவது ‘யார் அவன்’ என்பதுதான். எனக்கு அது இரண்டாவதாகத்தான் தோன்றியது. முதலில் தோன்றியது: அப்படி என்ன ஜோக் சொன்னான்?

கையில் ஒரு சொம்புத் தண்ணீரோடு கதவருகே நின்று கேட்டுப் பார்த்தேன். அவள் காதில் ஹெட்செட் மாட்டியிருந்ததால் பாதிப் பேச்சுதான் கிடைத்தது, அதுவும் சிரிக்கிற பாதி மட்டும். இலை போட்டு எனக்குப் பரிமாறாமல், பக்கத்து இலைக்காரன் ஏப்பத்தை மட்டும் கேட்க விட்டது மாதிரி இருந்தது. சும்மா சொல்லக்கூடாது, எரிந்தது. அன்று ராத்திரி சாப்பாட்டில், வழக்கமாக மேடையில் முடிவுக்கு வைத்திருக்கும் கதையை எடுத்துவிட்டேன். மகள் கேட்டுவிட்டு, “இது பழசுப்பா” என்றாள். அரியலூர் ஆபீசிலிருந்து ஏழு மணி பஸ்ஸில் வந்து இறங்கிக் களைப்பாக இருந்த மனைவி, “ரசம் ஊத்தவா?” என்றாள்.

மறுநாள் காபி கொடுக்கிற சாக்கில் உள்ளே போனபோது மகளின் போன் திரையில் அவளுடைய விளையாட்டுப் பெயரைப் பார்த்து மனப்பாடம் செய்துகொண்டேன். சங்க இலக்கிய வாடை வீசும் ஒரு பெயரில் நானும் கணக்குத் தொடங்கினேன். அவர்களுடைய அணியில் நாலாவது ஆளாக இருந்த பையனுக்கு வேலை கிடைத்துப் போய்விட்டதால் இடம் காலியாக இருந்தது. ‘திருச்சி. செகண்ட் இயர். மைக் ரிப்பேர்’ என்று தட்டச்சு செய்தேன். சேர்த்துக்கொண்டார்கள். என் வாழ்நாளில் பேச முடியாது என்று சொல்லி ஓர் இடத்தில் சேர்ந்தது அது ஒன்றுதான்.

அதன் பிறகு தினமும் சாயங்காலம் அவள் கீழே அறையில், நான் மேலே தொட்டி மறைவில். அவள் குரல் மாடிப்படி வழியாக ஒருமுறை வரும், கொஞ்சம் பிந்தி என் காதில் மாட்டிய குழாய் வழியாக இன்னொருமுறை வரும். அணியில் மற்ற இருவர், தஞ்சாவூரில் நர்சிங் படிக்கிற ஒரு பெண்ணும், அரியலூரில் பாலிடெக்னிக் படிக்கிற ஒரு பையனும். ‘டா’ அவன்தான். அவன் என் மகளை ‘அக்கா’ என்றான். அதைக் கேட்டு நியாயமாக ஓர் அப்பன் நிம்மதியடைய வேண்டும். எனக்கு ஆகவில்லை. எனக்கு வேண்டியது அவன் சொல்லும் ஜோக்.

அதுதான் வரவே இல்லை. “ரைட்ல ஒருத்தன்”, “மருந்து இருக்கா”, “அக்கா, செத்துட்டேன்க்கா”. அவ்வளவுதான் பேச்சு. அவன் செத்துட்டேன் என்றதும் இவள் விக்கி, நிறுத்தி, உடைத்துக்கொண்டு சிரிப்பாள். நானும் விளையாட்டில் வரும் அதே தீவில் அதே மரத்தடியில் அவனுக்கு முன்னாலேயே செத்துக் கிடந்தேன். எனக்கு யாரும் சிரிக்கவில்லை.

இப்படி ஒரு வாரம் போயிருக்கும். ஒருநாள் மத்தியானம் ஆபீசில் தயிர்சாத டப்பாவைத் திறக்கும்போது கல்லூரியிலிருந்து போன் வந்தது. மகளின் வகுப்பாசிரியை.

“சார், உங்க பேச்சு ரெண்டு மூணு தடவ கேட்டுருக்கேன். நல்லா இருக்கும்” என்றார். நான் நன்றி சொல்லி முடிப்பதற்குள், “உங்க பொண்ணு மத்தியானத்துக்கு மேல கிளாஸ்ல இருக்கறதே இல்லிங்க சார்” என்றார்.

“காலையில வருதுங்களா?”

“காலையில டாண்ணு வந்துருது. லஞ்ச் பெல் அடிச்சா காணோம். இன்னைக்கும் இல்ல. அட்டென்டன்ஸ் ரொம்பக் கீழ போயிருச்சு. இன்னும் ரெண்டு மூணு மத்தியானம் போச்சுன்னா செமஸ்டர் எழுத விட மாட்டாங்க. ஒரு வருஷம் போயிரும். அதுக்கு மேல என் கைல எதுவும் இல்லிங்க.”

அந்த நேரத்தில் செய்ய வேண்டியது மகளுக்கு போன் செய்வது. நான் என்ன செய்தேன் என்றால், பழைய கோப்பு அறைக்குள் போய்க் கதவைத் தாழிட்டுக்கொண்டு விளையாட்டைத் திறந்தேன். மகளின் பெயருக்குப் பக்கத்தில் பச்சைப் புள்ளி எரிந்தது. மற்ற இருவருக்கும் எரிந்தது. பட்டப்பகலில் மூன்று பேரும் உள்ளே இருக்கிறார்கள். நானும் நுழைந்தேன்.

ஆட்டம் தொடங்கவில்லை. ஆட்டத்துக்கு முன்னால் எல்லோரும் கூடி நிற்கிற ஒரு வெட்டவெளி உண்டு, லாபி என்பார்கள். தலைக்கவசம், தோளில் துப்பாக்கி, முதுகில் மூட்டை என்று மூன்று வீரர்கள் அங்கே நின்றிருந்தார்கள். நான் இளஞ்சிவப்புக் கூந்தலோடு போய் ஓரத்தில் நின்றேன். யாரும் ஆட்டத்தைத் தொடங்குகிற மாதிரி தெரியவில்லை. காதில் டப்பா திறக்கிற சத்தம் கேட்டது. மெல்லுகிற சத்தம் கேட்டது.

சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள்.

“உனக்கு என்ன கொழம்பு?” என்றாள் தஞ்சாவூர்ப் பெண்.

“வேற என்ன, சாம்பார்தான்” என்றான் பையன். “மெஸ்ல அவங்களுக்கு வேற எதுவும் வெக்கத் தெரியாது.”

“காய் என்னடா கெடக்கு?” என் மகள்.

“ஒரு முருங்கக்கா கெடக்குக்கா.”

ஒரு நொடி ஒன்றும் பேசாமல் இருந்தாள். சரியாக ஒரு நொடி. பிறகு சொன்னாள்: “எடுத்துராதடா. அது அவங்களோடது. நாளைக்கும் வேணும்.”

பையன் புரையேறிச் சிரித்தான். தஞ்சாவூர்ப் பெண் எதையோ கீழே தட்டிவிட்டாள். அவர்கள் சிரித்ததைக் கேட்டு மகள் சிரித்தாள். விக்கல், மௌனம், மடை.

கோப்பு அறையில் நான் விறைத்துப்போய் உட்கார்ந்திருந்தேன். அந்த ஒரு நொடி நிறுத்தம் இருக்கிறதே, அது எனக்குக் கைவர இருபது வருஷம் ஆயிற்று. எத்தனையோ கோயில் மேடைகளில் அவசரப்பட்டுப் பேசிக் கெடுத்த பிறகு பிடிபட்ட வித்தை. இவள் சோற்றை மென்றுகொண்டே செய்கிறாள். ஒரு மாதமாகப் பையன்மேல் இருந்த பொறாமை, அங்கேயே கிளம்பி மகள்மேல் போய் உட்கார்ந்துகொண்டது. உடனே இன்னொன்றும் தோன்றியது. இவ்வளவு வைத்திருக்கிறாள், என்னிடம் ஒன்றுகூடச் சொன்னதில்லை. முகம் தெரியாத இரண்டு பேருக்கு வாரி இறைக்கிறாள். அந்த இரண்டு பேர்மேலும் பொறாமை வந்தது. ஆக, தீவில் ஒருவரையும் மிச்சம் விடவில்லை.

அப்போது எனக்கும் ஒரு முருங்கைக்காய் ஜோக் ஞாபகம் வந்தது. நல்ல ஜோக். எந்த ஊரிலும் எடுபடாமல் போகாதது. சபை சூடாக இருக்கிறது, அடுத்து ஒன்று போட்டால் தூக்கிவிடும். மகள் ஒரு வருஷத்தை இழக்கப் போகிறாள் என்று ஆசிரியை சொல்லிக் கால் மணி நேரம் ஆகவில்லை. அதெல்லாம் மறந்துவிட்டது. மைக் படத்தை அழுத்தினேன். அது பச்சையானது.

முப்பது வருஷப் பழக்கம், மைக்கைக் கண்டால் வாய் தானாக முந்திக்கொள்கிறது. தொண்டையைச் செருமினேன். “ஹலோ... ஹலோ... கடைசியில இருக்கறவங்களுக்குக் கேக்குதுங்களா?” என்றேன்.

கேட்டது. எல்லோருக்கும் கேட்டது. மெல்லுகிற சத்தம் நின்றது.

“அப்பா?” என்றாள் மகள்.

அவளுடைய வீரன் திரையிலிருந்து மறைந்தான். பிறகு மற்ற இருவரும் மறைந்தார்கள். வெட்டவெளியில் இளஞ்சிவப்புக் கூந்தல்காரி மட்டும் இடுப்பில் கைவைத்துக்கொண்டு நின்றாள். அந்த முருங்கைக்காய் ஜோக்கை அதற்குப் பிறகு எந்த மேடையிலும் சொல்லத் தோன்றவில்லை.

மறுநாள் வெள்ளிக்கிழமை அவள் காலையிலேயே கல்லூரிக்குக் கிளம்பவில்லை. மனைவி முதல் பஸ்ஸுக்குப் போய்விட்டிருந்தாள். நான் கதவுக்கு வெளியே நின்றேன். இந்த முறை சொம்பு இல்லை.

“பாப்பா, காலேஜுக்குக் கெளம்பல?”

“போகல.”

“இன்னும் ரெண்டு நாள் போகலன்னா பரீட்ச எழுத விட மாட்டாங்களாம்.”

“விட வேணாம்.” பிறகு, “ஒரு வாரமா எங்ககூட வெளாண்டது நீங்கதானா?”

“ஆமா.”

“அந்தப் பிங்க் முடி?”

“ஆமா.”

“அதான் எப்பவும் மொத ஆளா செத்துச்சு” என்றாள். வேறு எந்த நாளாக இருந்தாலும் இதற்கு நாங்கள் இருவரும் சிரித்திருப்போம். அவள் குரலில் அதற்கான இடமே இல்லை.

“மத்தியானம் எதுக்கு வூட்டுக்கு வந்துர்ற?” என்று, ஒரு வருஷத்துக்கு முன்னாலேயே கேட்டிருக்க வேண்டியதைக் கேட்டேன்.

“பெல் அடிச்சதும் எல்லாரும் வட்டம் வட்டமா உக்காருவாங்கப்பா. ஹாஸ்டல்ல எந்த ரூமோ அந்த வட்டம். எனக்கு ரூம் இல்ல. கூட இருந்த ஒருத்தியும் கோயம்புத்தூர் போயிட்டா. யாரும் வராதன்னு சொல்றதில்ல. டப்பாவத் தூக்கிட்டு எங்க உக்கார்றதுன்னு ஒரு நிமிஷம் நிப்பேன் பாருங்க, அந்த ஒரு நிமிஷத்த என்னால தெனம் நிக்க முடியல. அதான் வந்துர்றேன். வந்தா இவங்க ரெண்டு பேரும் இருப்பாங்க. சேந்து சாப்புடுவோம். அப்பறம் திரும்பப் போகத் தோணாது, வெளாட ஆரம்பிச்சுருவோம்.”

நான் கதவருகே தரையில் உட்கார்ந்துகொண்டேன். மேடையில் அப்பா என்ற உறவைப் பற்றி ஒரு மணி நேரம் பேசக்கூடியவன்.

“அங்க ஒரு எடத்துலதான் நான் பேசுவேன், மத்தவங்க கேப்பாங்க. அங்கயும் மைக்க எடுத்துட்டு வந்துட்டீங்க” என்றாள். “குரூப்ப விட்டு வந்துட்டேன். இனிமே எந்த மூஞ்சிய வெச்சுட்டுப் போறது?”

அன்று சாயங்காலம் அறையிலிருந்து எந்தச் சத்தமும் வரவில்லை. ஒரு மாதமாக எதை நிறுத்த வேண்டும் என்று நான் குமைந்துகொண்டிருந்தேனோ, அது நின்றிருந்தது. ஹாலில் ஃபேன் ஓடுகிற சத்தம் இவ்வளவு பெரிது என்று எனக்கு அதுவரை தெரியாது.

மனைவி வந்ததும் எல்லாவற்றையும் சொன்னேன். கைப்பையைக்கூடக் கீழே வைக்காமல் கேட்டாள்.

“ஏங்க, புள்ள மத்தியானம் யாரோட உக்காந்து சாப்புடுதுன்னு என்னைக்காச்சும் கேட்டீங்களா?”

“நீ கேட்டியா?”

“நானும் கேக்கல” என்றாள். “டப்பா காலியா வருதான்னு மட்டும் பாத்தேன்.”

அதற்குப் பிறகு அவள் மகளோடு உள்ளே போய் வெகுநேரம் பேசினாள். வெளியே வந்தபோது உதட்டைப் பிதுக்கினாள். திங்கட்கிழமை போகச் சம்மதமில்லை. திங்கள் போகாவிட்டால் செவ்வாய்க்குப் போயும் பயனில்லை.

என்னிடம் மிச்சமிருந்தது அந்த இளஞ்சிவப்புக் கூந்தல்காரிதான். அவள் கணக்கிலிருந்து அரியலூர்ப் பையனுக்குச் செய்தி அனுப்பினேன். ‘தம்பி, நான் அக்காவின் அப்பா. உன்னைப் பார்க்க வேண்டும்.’ முதலில் இரண்டு கேள்விக்குறி வந்தது. பிறகு ‘ஐயோ’ என்று வந்தது. கடைசியில் அரியலூர் ரயில்வே ஸ்டேஷனுக்கு எதிரில் இருக்கிற டீக்கடையைச் சொன்னான்.

சனிக்கிழமை அரியலூர் பஸ் ஏறினேன். முன்னால் சிமெண்ட் லாரிகள் வரிசையாகப் போய்க்கொண்டிருந்ததால் பஸ் ஊர்ந்தது. போகிற வழியெல்லாம் அவனை மனதில் வரைந்துகொண்டே போனேன். நல்ல உயரம், சுருட்டை முடி, கண்ணில் குறும்பு, பேச்சில் சாதுரியம். டீக்கடையில் இருந்தவன் சோளக்கொல்லையில் சட்டை மாட்டி நிறுத்தியதுபோல் ஒல்லியாக இருந்தான். கண் சிவந்திருந்தது. வலது கட்டைவிரலில் பிளாஸ்திரி சுற்றியிருந்தது.

“சார், நான் அக்காகிட்ட ஒண்ணும் தப்பாப் பேசல சார்” என்றான், நான் உட்காருவதற்கு முன்பே.

“தெரியும்ப்பா. டீ சொல்லு.”

அப்பா லாரி ஓட்டுகிறார், சிமெண்ட் ஏற்றிக்கொண்டு கேரளா, ஆந்திரா என்று போனால் வர ஒரு வாரம் ஆகும் என்றான். அம்மா திருப்பூரில் பனியன் கம்பெனியில், இவன் கூடப்பிறந்த அக்காளோடு. இவன் இங்கே வீட்டுக்குக் காவல். சாப்பாடு மெஸ்ஸில் பார்சல்.

“ஒரு நாளைக்கு எவ்வளவு நேரம் வெளாடுவ?”

“முழிச்சிருக்கிற நேரம் சார்.”

“காலேஜ்?”

“அதுக்கு முழிச்சாத்தான சார்.”

“அரியர் இருக்கா?”

“இல்லாத பேப்பர எண்றது ஈசி சார்.”

பரவாயில்லையே, பையனிடமும் கொஞ்சம் இருக்கிறது என்று மனசுக்குள் குறித்துக்கொண்டேன். வயிறு லேசாக எரிந்தது. டீயாகவும் இருக்கலாம்.

“அப்படி என்னப்பா இருக்கு அந்த வெளாட்டுல?”

டம்ளரைச் சுற்றிக்கொண்டே இருந்தான். “போரடிச்சு ரொம்ப நாள் ஆச்சு சார். ஆனா ஆப் பண்ணுனா வூடு ஒரு மாதிரி ஆயிருது. பாத்திரம் வெச்சா பாத்திரச் சத்தம் மட்டும் கேக்கும். அதான் ஆப் பண்றதில்ல.” பிறகு என்னைப் பார்க்காமல், “அக்கா எப்பிடி சார் இருக்காங்க? சாப்புடுறாங்களா? இன்னைக்கும் டப்பால வெண்டைக்காயா?” என்றான்.

“ஏன், வெண்டைக்காய்க்கு என்ன?”

“அக்காவுக்குச் சுத்தமா புடிக்காது சார். ‘எங்கப்பா உழவர் சந்தையிலேருந்து வாரா வாரம் ஆசையா வாங்கிட்டு வர்றாரு, சொல்ல மனசு வரல’ன்னு அழுதுகிட்டே தின்னுவாங்க.”

உழவர் சந்தையில் பிஞ்சாகப் பொறுக்கி, நுனியை ஒடித்துப் பார்த்து, வருஷக் கணக்காக வாங்கி வருகிறேன். என் மகளுக்குப் பிடிக்கும் என்று கடைக்காரரிடம் பெருமை வேறு. அந்த டீக்கடையில், அந்த ஒல்லிப் பையன்மேல், அதுவரை படாத பொறாமையை எல்லாம் சேர்த்துப் பட்டேன். அப்படியே அவனிடம் கையேந்தவும் வேண்டியிருந்தது.

விஷயத்தைச் சொன்னேன். திங்கள் மத்தியானம் அவள் கல்லூரியில் இருக்க வேண்டும். அதற்கு முதலில் அவள் கதவைத் திறக்க வேண்டும். நான் சொன்னால் திறக்க மாட்டாள்.

“நான் கூப்ட்டாலும் எடுக்கல சார். நாப்பது தடவ கூப்ட்டுட்டேன்.” யோசித்தான். “உங்க போனக் குடுங்க சார்.”

வாங்கி, வாய்க்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, ஏதோ பதிவு செய்தான். லாரி சத்தத்தில் எனக்குச் சரியாகக் கேட்கவில்லை. “வூட்டுக்குப் போயி அக்கா ரூம் வாசல்ல போட்டுக் காட்டுங்க. நீங்க எதுவும் சேத்துப் பேசாதீங்க சார்” என்றான்.

திரும்பி வந்து அப்படியே செய்தேன். கதவருகே போனை வைத்து அழுத்தினேன். “அக்கா” என்றது அவன் குரல். “இன்னைக்கு முருங்கக்காயக் காணோம்க்கா. யாரோ எடுத்துட்டாங்க. மெஸ்ல விசாரண நடக்குது. என்னையத்தான் சந்தேகப்படுறாங்க. நீ வந்து சாட்சி சொல்லுக்கா.”

உள்ளே ஒன்றும் கேட்கவில்லை. நான் எதுவும் சேர்த்துப் பேசவில்லை. அது எவ்வளவு சிரமம் என்று மேடைப் பேச்சாளர்களுக்குத்தான் தெரியும். பிறகு அந்த விக்கல் வந்தது. அப்புறம் சத்தமே இல்லை. என் வயிற்றில் எரிச்சலும் நிம்மதியும் ஒன்றாக இறங்கின. இன்னொருத்தனுடைய சரக்கை என் போனில் சுமந்து வந்து என் வீட்டில் இறக்கியிருக்கிறேன், அது பலித்துவிட்டது.

கதவு திறந்தது. கண்ணைத் துடைத்துக்கொண்டே என் கையிலிருந்து போனை வாங்கினாள். அவனுக்குப் பதில் பதிவு செய்கிற பொத்தானை அழுத்தி, “டேய்” என்றாள் அதில். “திங்கக்கெழம நான் காலேஜ் கேன்டீன்ல உக்காந்து சாப்புடுறேன். ஆனா நீ உன் காலேஜ்லேருந்து பேசணும். வூட்லேருந்து பேசுனா கட் பண்ணிருவேன். வீடியோ போடு, பின்னாடி பில்டிங் தெரியணும்.” என்னிடம் திரும்பி, “நீங்க எதுலயும் வரக்கூடாது” என்றாள்.

“வரல” என்றேன்.

அந்தக் கல்லூரியில் கேன்டீனில் மட்டும் போனுக்குத் தடையில்லை. திங்கள் மத்தியானம் அவள் அங்கே ஒரு மூலையில் டப்பாவைத் திறந்து, ஒரு காதில் மட்டும் குழாயை மாட்டிக்கொண்டு சாப்பிட்டிருக்கிறாள். முதல் மூன்று நாள் அந்த ஒரு நிமிஷம் இருக்கத்தான் செய்தது என்று அம்மாவிடம் சொன்னாளாம். அந்தப் பையன் பாலிடெக்னிக் வாசல் போர்டு தெரிகிற மாதிரி நின்றுகொண்டே சாப்பிட்டானாம். அவ்வளவு தூரம் வந்தவன் சும்மா திரும்புவானேன் என்று வகுப்புக்கும் போயிருக்கிறான். பிற்பாடு ஒருநாள் கேன்டீனில் பக்கத்து மேஜைப் பெண் ஒருத்தி, “யார்கிட்ட பேசி இப்பிடிச் சிரிக்கிற, ஸ்பீக்கர்லதான் போடேன்” என்று தன் டப்பாவோடு நகர்ந்து வந்தாளாம். வகுப்பாசிரியை எனக்கு ஒருமுறை போன் செய்து, “மத்தியானம் இருக்குதுங்க சார்” என்று மட்டும் சொன்னார். கடைசியில் விளிம்பில் தப்பி, செமஸ்டர் எழுதினாள்.

எல்லாம் சரியாகிவிட்டது என்று சொல்ல முடியாது. சாயங்காலம் இன்னும் அறைக்கதவு சாத்தித்தான் இருக்கிறது. இன்னும் தீவில் குதிக்கிறார்கள். பையன் அரியரில் இரண்டைத் தாண்டினான், மிச்சம் அப்படியே இருக்கிறது. தஞ்சாவூர்ப் பெண்ணை இன்றுவரை பார்த்ததில்லை. வெண்டைக்காயை நிறுத்திவிட்டேன். உழவர் சந்தைக் கடைக்காரர், பாப்பாவைக் கட்டிக் குடுத்துட்டீங்களா என்று கேட்டார்.

பரீட்சை முடிந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை பையனைச் சாப்பாட்டுக்குக் கூப்பிட்டோம். சாம்பார் இல்லாத சமையல். எங்கள் பக்கத்து வழக்கப்படி, சிநேகிதருடைய அப்பாவை அப்பா என்று கூப்பிட ஆரம்பித்திருந்தான். மனைவி “இன்னும் கொஞ்சம் போட்டுக்க” என்பதைத் தவிர அதிகம் பேசவில்லை. மகள் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். நான்தான் பேசினேன். முப்பது வருஷத்தில் சேர்த்துவைத்தவற்றில் நல்லதாகப் பொறுக்கி, ஊருக்கு ஊர் சோதித்துத் தேறியவற்றை மட்டும், இலை போட்டதிலிருந்து பாயசம் வரை வரிசையாக எடுத்துவிட்டேன். மேஜையில் ஒரே ஒரு ஆள் இருந்தாலும் சபை சபைதான். பையன் ஒவ்வொன்றுக்கும் சரியான இடத்தில் சிரித்தான். வெகு காலத்துக்குப் பிறகு எனக்குத் திருப்தியாக இருந்தது.

வண்டியில் ஏற்றிக்கொண்டு போய் பஸ் ஸ்டாண்டில் விட்டேன். அரியலூர் பஸ் வர நேரம் இருந்தது. பையன் ஏதோ சொல்ல வந்து தயங்கினான். “சும்மா சொல்லுப்பா” என்றேன், கேட்டுப் பழகிய பாராட்டு வரப்போகிறது என்ற நம்பிக்கையில்.

“இல்லப்பா, அக்கா எவ்வளவு காமெடியாப் பேசுறாங்க” என்றான். “அதெல்லாம் அவங்களுக்கு யார்கிட்டேருந்துதான் வந்துச்சோன்னு யோசிச்சுகிட்டே இருந்தேன். அம்மா, கூச்சம் விட்டுப் பழகுனா, நல்லாப் பேசுவாங்களாப்பா?”